மேவிஸ் டக்கெட் நன்றி சொன்ன விதம்

உலர்த்தும் இயந்திரத்தை மேவிஸ் டக்கெட் இடது காலால்தான் உதைப்பாள். வலது முட்டியில் வாதம். உதை விழுந்ததும் அது ஒருமுறை இருமிவிட்டு உருளத் தொடங்கும். "மேயருக்கு இப்படிச் சொன்னாத்தான் புரியும்" என்று, துணிக்கூடையோடு காத்திருப்பவரிடம் விளக்கம் சொல்வாள். மார்லோ ஃபெர்ரி கடைவீதியில் அவள் நடத்தும் லாண்டரி, காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் வகை. அங்கே எல்லா இயந்திரத்துக்கும் பெயர் உண்டு. காசை விழுங்கிக்கொண்டு, பெருஞ்சத்தம் போட்டு, துணியை ஈரமாகவே திருப்பித் தருவது மேயர். பாதியில் நின்றுவிடுவது அவளுடைய முதல் கணவர். அசல் மேயரே ஒருநாள் கம்பளியோடு வந்து, தன் பெயர் கொண்ட இயந்திரத்தின் முன்னால் நின்று, உதைக்கக் கூச்சப்பட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

ஓராண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் துணி கடைக்குச் சொந்தம் என்பது அவள் சட்டம். ஆகவே மேவிஸ் சட்டை வாங்குவதில்லை. தொழிற்சாலைக்காரர்கள் மறந்துவிட்டுப் போன, மார்பில் பெயர் தைத்த சட்டைகளைத்தான் போட்டுக்கொள்வாள். திங்களன்று கேரி, செவ்வாயன்று வால்ட். வெளியூர்க்காரர்கள் தயங்கித் தயங்கி "கேரி?" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். திருத்தமாட்டாள்.

அவளுக்கு ஊரெல்லாம் அறிந்த ஒரு பழக்கம் உண்டு. செத்தவர்களைப் பற்றியும், தனக்குப் பிடிக்காதவர்களைப் பற்றியும் மட்டுமே மரியாதையாகப் பேசுவாள். வங்கி மேலாளரைக் கண்டால் "வாங்க சார், உக்காருங்க சார்" என்பாள். ஊருக்கு விஷயம் விளங்கிவிடும். மற்ற எல்லோருக்கும் வசவுதான். எதிரே 'நங்கூரம்' என்ற மதுக்கடையை நடத்தும் லோரெட்டா அவளுக்கு முப்பது வருஷத் தோழி. இருவரும் தெருவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு காலை வணக்கம் சொல்வதைக் கேட்ட ஒரு சுற்றுலாக்காரர் காவல் நிலையத்துக்குப் போன் செய்ததாகச் சொல்வார்கள். லோரெட்டா அதை மறுப்பதில்லை.

லாண்டரிக்கு மேலே மாடியில் குடித்தனம். இரண்டாம் கணவர் டேல், பக்கவாதத்துக்குப் பிறகு ஜன்னலோர நாற்காலியில் வசிக்கிறார். பழைய படகு மெக்கானிக். ஆள் கதவை அடைக்கும் அளவு பெரியவர். பேச்சில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் சொற்கள்தான் மிச்சம். அதில் இரண்டு கெட்ட வார்த்தை. "மிஞ்சினதுல நல்லதா பாத்து வச்சிருக்காரு" என்று மேவிஸ் பெருமையாகச் சொல்வாள்.

இந்த வருஷம் ஏப்ரலில் ஒஹாயோ நதி கடைவீதிக்குள் நடந்து வந்தது. பாயவில்லை, சீறவில்லை, வாடகைக்கு இடம் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் இறங்கியபோது ஒவ்வொரு கடைக்குள்ளும் முழங்கால் அளவு சேற்றை விட்டுவிட்டுப் போனது. சேற்றை வாரி முடித்து மூச்சு விடுவதற்குள், ஜூனில் பாலத்தில் விரிசல் கண்டுபிடித்துப் பாலத்தை மூடினார்கள். அக்கரை கென்டக்கி மாநிலத்துக்காரர்கள்தான் பாதி வியாபாரம். அவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டிய நிலை. வெள்ளத்துக்கு வந்த தொலைக்காட்சிக்காரர்கள் பாலத்துக்கு வரவில்லை. மாவட்டப் பத்திரிகை மட்டும் மார்லோ ஃபெர்ரி கடைவீதியின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. எல்லா வாக்கியமும் 'இருந்தது' என்று முடிந்தது.

வெள்ளத்தின் இரண்டாம் நாள் காலையில் மேவிஸ் மாடியில் டேலோடு மாட்டிக்கொண்டாள். கீழே லாண்டரி மூழ்கிக் கிடந்தது. தீயணைப்புப் படகுகள் எல்லாம் முதியோர் இல்லத்துப் பக்கம் போயிருந்தன. அப்போது மருந்துக்கடைக்காரர் ரொமெல் டிசோன் ஒரு மீன்பிடி அலுமினியப் படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு தெருவழியே வந்தார். பிலிப்பைன்ஸில் பிறந்தவர். பன்னிரண்டு வருஷமாக இங்கே கடை வைத்திருக்கிறார். மேவிஸின் தோளுக்குத்தான் வருவார். அன்றைக்கும் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை. வீடு வீடாகச் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு வந்தவர், ஜன்னலில் டேலைப் பார்த்ததும் படகை வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் கட்டினார்.

டேலை முதுகில் சுமந்து இறக்கினார். எப்படி என்று இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று, "மன்னிக்கணும் சார்" என்று டேலிடம் சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார். டேல் தம்மிடம் மிஞ்சியிருந்த இரண்டு கெட்ட வார்த்தைகளையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இறங்கினார். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் டேலைப் படுக்கவைத்த பிறகு டிசோன் சுவர்ப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து, "காலை மாத்திரை குடுத்தாச்சா, மேடம்?" என்று கேட்டார்.

மேவிஸ் அப்போது சொன்னதெல்லாம், ஈரக் கோட்டோடு நிற்காதே என்பதுதான். பிறகும் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரல் போய், கோடை போய், இலையெல்லாம் உதிர்ந்தும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் வழக்கம்போல வசவுதான் வந்தது. டிசோனின் கடை பாழாகிப் போனதால், பிணச்சடங்கு நிலையம் நடத்தும் ஆல்வின் க்ரெப்ஸ் தன் கட்டடத்தின் முன் அறையை மருந்துக்கடைக்கு ஒதுக்கிக் கொடுத்தார். கடைவீதியில் மேட்டில் இருந்த கட்டடம் அது ஒன்றுதான். சவப்பெட்டி மாதிரிகளுக்கு நடுவே நின்று ஊர் இரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கியது. மேவிஸ் ஓர் அட்டையில் எழுதி வாசலில் மாட்டினாள்: 'மருந்து முன்பக்கம். மருந்து பலிக்காதவர்கள் பின்பக்கம்.' டிசோன் அதைக் கழற்றி, மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பரில் கடைவீதிச் சங்கத்தின் நன்றி விருந்து. சங்கத் தலைவர் ப்ரெஸ்டன் ஓகில்வி, காப்பீட்டு முகவர். செயலாளர் மேவிஸ், வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் வருஷக்கணக்காக அவள்தான். விருந்துக்கு முந்தைய வாரம் ப்ரெஸ்டன் லாண்டரிக்கு வந்தார். வந்தவரை உட்காரச் சொல்லாமல், ஒரு படுக்கை விரிப்பின் மறுமுனையை மேவிஸ் அவர் கையில் கொடுத்தாள். இருவரும் விரிப்பை மடித்தபடியே பேசினார்கள். மடிப்புக்கு மடிப்பு கிட்டே வந்து, மறுபடி விலகினார்கள்.

ப்ரெஸ்டன் கொண்டுவந்த சேதி நல்லதல்ல. நெடுஞ்சாலையோரத்தில் புதிதாக வந்திருக்கும் பெரிய மருந்துக்கடையில் டிசோனைக் கூப்பிடுகிறார்களாம். மாதச் சம்பளம், ஞாயிறு விடுமுறை, பக்கத்தில் ஆறு கிடையாது. மாதக் கடைசிக்குள் அவர் பதில் சொல்லவேண்டும். மருந்துக்கடை போனால் கிழடுகள் மருந்துக்கு நெடுஞ்சாலைக்குப் போகும். போன இடத்திலேயே ரொட்டியும் ஆணியும் செருப்பும் வாங்கிக்கொண்டு வரும். வெள்ளத்தாலும் பாலத்தாலும் முடியாததை அது செய்துவிடும். இது மேவிஸுக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ப்ரெஸ்டன் அடுத்துச் சொன்னது.

"அந்த அட்டை அவர் மனசைப் புண்படுத்திருச்சுன்னு நெனக்கிறேன், மேவிஸ். அவர் ரொம்ப மரியாதை பாக்குற ஆளு. விருந்தன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் கொஞ்சம் கண்ணியமா பேசுங்க. நன்றியுரைய நானே எழுதித் தர்றேன். நீங்க வாசிச்சா போதும்."

மேவிஸ் விரிப்பை நாலாக மடித்து வாங்கிக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் அவருடைய டையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாள். அன்றைக்கு, "சரி, எழுதிக் குடு" என்று மட்டும் சொன்னாள். ப்ரெஸ்டன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மாடிக்குப் போய் டேலின் எதிரே உட்கார்ந்தாள். அந்த மனுஷனை நான்தான் விரட்டிவிட்டேனா என்று கேட்டாள். டேல் வெகுநேரம் வாயை அசைத்துப் பார்த்தார். பிறகு மிஞ்சியிருந்த சொற்களில் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"வாய்" என்றார்.

"எனக்கே தெரியும்யா" என்று சொல்லிவிட்டு, அவர் கழுத்துத் துண்டை மாற்றிப் போட்டாள். அந்த வாரம் முழுக்க லாண்டரியில் ஒரு வசவும் கேட்கவில்லை. தன் வழக்கமான காலை வணக்கத்துக்குப் பதில் வராததால் லோரெட்டா தெருவைத் தாண்டி வந்து, யாருக்காவது புற்றுநோயா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

விருந்து தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்தது. சிவப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நீள மேசைகள் போட்டிருந்தார்கள். பன்றித்தொடை வறுவல், மசித்த உருளைக்கிழங்கின் மேல் நூடுல்ஸ், கிரேவி, பூசணி வைத்துச் சுட்ட இனிப்பு. மெத்தடிஸ்ட் மாதர் குழு வழக்கம்போலப் பச்சை ஜெல்லிக்குள் கேரட்டைப் புதைத்துக் கொண்டுவந்திருந்தது. மேவிஸ் தன் சொந்த உடுப்பில் வந்தாள். மார்பில் யார் பெயரும் இல்லாததால் வாசலில் நின்ற தீயணைப்புக்காரருக்கே அவளை அடையாளம் தெரியவில்லை.

சாப்பாடு பாதி ஆனபோது எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ப்ரெஸ்டன் எழுதிய தாளை வாசித்தாள். இந்தச் சவாலான ஆண்டில் நமது கடைவீதிக் குடும்பம் காட்டிய மனவுறுதி போற்றத்தக்கது. நமது மதிப்பிற்குரிய திரு. ஆல்வின் க்ரெப்ஸ் அவர்களின் தன்னலமற்ற சேவை என்றென்றும் நினைவுகூரப்படும். க்ரெப்ஸ் அரைநூற்றாண்டாகச் சவப்பெட்டியருகே நின்று செத்தவர்களைப் பற்றித் தன் வாயால் சொல்லிவந்த சொற்கள் அவை. தன்னைப் பற்றியே கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். அடுத்து, அன்பும் பண்பும் நிறைந்த திருமதி லோரெட்டா அவர்கள். "என்ன பாவம் பண்ணேன் நான்?" என்று லோரெட்டா பக்கத்து ஆளிடம் கேட்டது கூடம் முழுவதும் கேட்டது. மேவிஸ் நிறுத்தவில்லை. கைதட்டல் ஒவ்வொரு பெயருக்கும் மெலிந்துகொண்டே வந்தது. நமது போற்றுதலுக்குரிய மருந்தாளுநர் திரு. ரொமெல் டிசோன் அவர்களின் எதிர்கால முயற்சிகள் அனைத்தும் சிறக்க —

டிசோன் எழுந்து நின்றார். துவைத்துத் தேய்த்த கோட்டு, நீல டை.

"குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும், மேடம். உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள் மேவிஸ்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களோன்னு கேட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "பன்னெண்டு வருஷத்துல நீங்க என்னை ஒருநாளும் 'திரு'ன்னு சொன்னதில்ல. நான் இன்னும் முடிவே பண்ணல. அதுக்குள்ள ஏன் வழியனுப்பி வைக்கிறீங்க?"

மேவிஸ் ப்ரெஸ்டனைப் பார்த்தாள். ப்ரெஸ்டன் டிசோனைப் பார்த்தார். பச்சை ஜெல்லியைப் பார்த்தார். கடைசியில் தன் காலரைத் தளர்த்திக்கொண்டு, போகட்டும் என்று கையை விரித்தார். மேவிஸ் வாசித்துக்கொண்டிருந்த தாளைக் கிரேவிக் கிண்ணத்தின் கீழே செருகினாள். கண்ணாடியைக் கழற்றினாள். மூச்சை இழுத்துக்கொண்டு ப்ரெஸ்டனிடமிருந்தே ஆரம்பித்தாள்.

"இந்த ஆளு நம்ம எல்லாருக்கும் காப்பீடு வித்தாரு. வெள்ளத்துக்குச் செல்லாதுன்னு எறும்பு சைஸ் எழுத்துல போட்டு வித்தாரு. அதுக்கப்புறம் யானை சைஸ்ல ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு கடையிலயும் சேறு வாரினாரு. டை கட்டிட்டு. என் கடையில இவர் வாரினதவிட இறைச்சது அதிகம். ப்ரெஸ்டன், நீ ஒரு உருப்படாத வேலைக்காரன். ஆனா ஒருநாள்கூட லீவு போடல, பாவி."

கூடத்தில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. ப்ரெஸ்டன் காதுவரை சிவந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு இளித்தார்.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தேவாலயத்தில் சேறு புகுந்ததால் ஞாயிறு ஆராதனையை லோரெட்டாவின் மதுக்கடையில் நடத்தியதை எடுத்தாள். ஊரில் பக்தி இவ்வளவு இருக்கிறதென்று அதுவரை கர்த்தருக்கே தெரியாது, கூட்டம் மும்மடங்கு. பாஸ்டரை நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, தேவாலயம் பழுது பார்த்து முடிந்து இரண்டு மாதமாகியும் அவர் ஏன் இன்னும் 'நங்கூரத்தின்' சாவியைத் திருப்பித் தரவில்லை என்று கேட்டாள். பாஸ்டர் கண்ணீர் வரச் சிரித்தார். பள்ளிக்கூடத்து மல்யுத்தக் குழுவைப் பிடித்தாள். சேற்றில் புதைந்த அவளுடைய இயந்திரங்களைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய்க் கழுவிக் கொடுத்த தடியன்கள், இந்த வருஷம் போட்டியில் ஒரு மனிதனைக்கூடத் தூக்கவில்லை என்று நினைவுபடுத்தினாள்.

க்ரெப்ஸ் பக்கம் திரும்பியபோது அவர் முன்னால் சாய்ந்து காத்திருந்தார்.

"ஆல்வின், பாலம் மூடின உடனே அக்கரைக் கிழவிங்கள ஒன் பிணவண்டியில ஏத்திட்டு வந்து கடைவீதியில இறக்கி விட்டியே. ஏதோ தர்மம்னு ஊர் நெனச்சுது. ஒவ்வொருத்தியும் நீட்டமா எவ்வளவு, அகலமா எவ்வளவுன்னு நீ கண்ணாடியில பாத்துட்டே ஓட்டினத நான் பாத்தேன்யா."

"மேவிஸ், உன்னை அளக்கத்தான் என்கிட்ட நாடா பத்தல" என்றார் க்ரெப்ஸ். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

மேசைகளைத் தட்டினார்கள். தன் முறை வராதவர்கள் கையைத் தூக்கினார்கள். செருப்புக்கடைக்காரர் தன்னை விட்டுவிட்டாளே என்று எழுந்தே நின்றுவிட்டார், அவருக்கும் கிடைத்தது. அந்த வருஷம் கடைவீதி என்னவெல்லாம் செய்தது என்று யாரும் அதுவரை ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் சேற்றை வாரியிருந்தார்கள். தன் கடைக் கதவு எந்த நிலையில் கிடக்கிறது என்று பார்க்கப் பலருக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது அதை ஒருத்தி திட்டிச் சொல்லும்போது சிரிப்பும் வந்தது, மூக்கைச் சிந்தவும் வேண்டியிருந்தது.

கடைசியில் மேவிஸ் டிசோன் பக்கம் திரும்பினாள்.

"யோவ் மாத்திரைக்காரரே" என்றாள்.

மேவிஸின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. அவள் கண்ணில் இரும்புப் படிக்கட்டும், ஒவ்வொரு படியிலும் நின்று மன்னிப்புக் கேட்ட அந்தச் சிறிய முதுகும், அதன்மேல் தொங்கிய டேலின் பெரிய கைகளும் நின்றன. அந்த மனிதரின் உயரம் இருந்தது, பேச்சு இருந்தது, டை இருந்தது. திட்டுவதற்கு வேண்டியதெல்லாம் இருந்தது. ஒரு வசவும் கிட்டே வரவில்லை. லோரெட்டா ஏதோ எடுத்துக் கொடுக்கப் போனாள். க்ரெப்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

டிசோன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை அலமாரியெல்லாம் வரச் சொல்லிடுறேன். இங்க, பழைய கடைக்குத்தான். கொஞ்சம் கனமா இருக்கும். தூக்க யாராவது வந்தா நல்லது."

மல்யுத்தத் தடியன்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்கினார்கள். ப்ரெஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். டிசோன் மேவிஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா, மேடம்?"

மேவிஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். முட்டி வலியால் நேரமாயிற்று. அவர் எதிரே வந்து நின்றாள். நீல டையில், முடிச்சுக்குச் சற்றுக் கீழே, கிரேவி ஒரு சொட்டு விழுந்து காய்ந்திருந்தது. மேசையிலிருந்து கை துடைக்கும் துணி ஒன்றை எடுத்தாள். அதன் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, டையை இடது கையில் ஏந்தி, கறையைத் தேய்க்க ஆரம்பித்தாள். டிசோன் அவளுக்கு வசதியாக முகவாயை உயர்த்திக் கொடுத்தார். கறை போன பிறகும் மேவிஸ் டையை விடாமல், அதே இடத்தை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.